கெந்திங் ஏற்றத்துக்கு 34 பல்: ஷிமானோ 11-34 கேசட்டும் லாங் கேஜ் ஆர்டியும்

சில வருடங்களுக்கு முன் வாங்கிய 11 ஸ்பீட் ரோட் பைக் என்றால் முன்னால் 50, 34 பல் வளையங்கள் (50-34), பின்னால் 11 முதல் 28 பல் வரையான பல்சக்கர அடுக்கு (11-28) என்பதுதான் வழக்கமான ஜோடி. சைபர்ஜெயா, புத்ராஜெயா பக்கம் சுற்றுகிறவரை அதில் ஒரு குறையும் தெரியாது. அதே பைக்கை கெந்திங் மலைச் சாலையில் கோத்தோங் ஜெயாவுக்கு மேலே திருப்பினால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். கடைசி கியர் எப்போதோ தீர்ந்திருக்கும். விரல் மட்டும் பழக்கதோஷத்தில் லீவரைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்தாக மூன்று பொருள்களை இங்கே எடுத்துப் பார்க்கிறோம். ஷிமானோ எச்ஜி700 அல்லது எச்ஜி800 என்னும் 11-34 கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு), அதே ஷிமானோவின் 105 ஆர்7000 வரிசையின் ஜிஎஸ் ஆர்டி, ஒரு புது 11 ஸ்பீட் செயின். ஆர்டி என்றால் பின்சக்கரத்தில் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் கை. நம் ஊர் சைக்கிள் கடைகளில் அதற்கு வேறு பெயர் கிடையாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூன்றையும் சேர்த்து மாட்டினால் கொடுத்த காசுக்கு முழு வேலை. கேசட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், பைக்கைப் பொறுத்து, சத்தத்தில் ஆரம்பித்து ஆர்டி முறிவதுவரை எதுவும் நடக்கலாம்.

முதலில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பத்துமலையில் 272 படி. ஒவ்வொன்றாக ஏறினாலும் இரண்டிரண்டாகத் தாண்டினாலும் போய்ச் சேரும் உயரம் ஒன்றுதான், முட்டிதான் வேறு கணக்குச் சொல்லும். சிறிய கியர் என்பது ஒவ்வொரு படியாக ஏறுவது. 700x25 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். 34-28 கியரில், அதாவது முன்னால் 34 பல், பின்னால் 28 பல்லில், பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் பைக் சுமார் 2.56 மீட்டர் போகும், 34-34இல் 2.1 மீட்டர்தான். அதே மேட்டில் காலால் அழுத்த வேண்டிய விசை ஏறத்தாழ 18 சதவீதம் குறைகிறது.

இதையே வாட் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். ஆள் 70 கிலோ, பைக்கும் தண்ணீர்ப் புட்டிகளும் 10 கிலோ, மேடு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34-28இல் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க மணிக்கு 10.7 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 210 வாட் தேவை. 34-34இல் அதே 70 சுற்றுக்கு 8.8 கிலோமீட்டர் வேகம், சுமார் 170 வாட். ஒரு மணி நேரம் 170 வாட் தாங்கக்கூடியவர் பழைய கியரோடு ஏறினால் மிதிவேகம் 58க்கு இறங்கிவிடும். மேடு 10 சதவீதமானால் அவர் 34-28இல் 47 சுற்றில் திணறுவார், 34-34இல் 57இல் ஓட்டுவார். 47 சுற்று என்றால் ஒவ்வொரு மிதியும் ஒரு ஸ்குவாட். கெந்திங்கில் ஆட்கள் பைக்கைக் குறுக்கே குறுக்கே வளைத்து ஏறுவது இதனால்தான்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், ஓட்டும் சாலையைப் பொறுத்தது. பழைய கோம்பாக் சாலையில் கெந்திங் செம்பா வரை நீளம்தான் சோதனை, சரிவு பெரிதாக மிரட்டாது. ஓரளவு பழகியவருக்கு 28 பல்லே போதும். பத்துமலையிலிருந்து சுங்கை துவா வழியாக உலு யாம் போகும் சாலை ஏறி இறங்கி ஏறும்; அங்கே சின்ன கியரைவிட, கியர்களுக்கு நடுவே பெரிய தாவல் இல்லாமல் இருப்பதுதான் உதவும். புக்கிட் துங்குவின் மேடுகள் கடுமையானவை, ஆனால் குட்டை. எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் முடிந்தது. 34 பல் தன் விலையைத் திருப்பித் தரும் இடங்கள் மூன்று: உலு லங்காட் தாண்டி பெரஸ் ஏற்றம், கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலை, எல்லாவற்றுக்கும் மேலாக கெந்திங் ஹைலண்ட்ஸ். ஃபிரேசர் மலைச் சரிவு கொடியதில்லைதான். ஆனால் இரண்டு, மூன்று மணி நேரம் விடாமல் ஏறும்போது, உட்கார்ந்தபடி லேசாகச் சுழற்ற ஒரு கியர் மிச்சம் இருப்பது பெரிய நிம்மதி.

இனி வாங்கும் முன் பார்க்க வேண்டியது. தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

பைக்கில் இப்போது இருக்கும் ஆர்டி எது? ஆர்டியின் கீழே இரண்டு சிறு புல்லிகளைத் தாங்கித் தொங்கும் பகுதிதான் கூண்டு. 105 வரிசையில் எஸ்எஸ் என்றால் குட்டைக் கூண்டு, ஜிஎஸ் என்றால் நீளக் கூண்டு, அதாவது லாங் கேஜ். கூண்டின் உள்பக்கத் தகட்டில் எழுத்து பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஆர்7000 எஸ்எஸ் ஏற்கும் பெரிய பல் 30, ஜிஎஸ் ஏற்பது 34. அதற்கு முந்தைய 5800 வரிசையில் எஸ்எஸ் 28 வரை, ஜிஎஸ் 32 வரை. இவை ஷிமானோ கொடுத்த எல்லைகள். சில பைக்குகளில், ஆர்டியைத் தாங்கும் ஹேங்கரின் நீளம் சாதகமாக இருந்தால் ஒன்றிரண்டு பல் கூடுதலாக ஏறிவிடும். அதை நம்பிக் காசைக் கட்டக் கூடாது. “போலே லா, போலே” (முடியும், முடியும்) என்று கடையில் சொல்லிவிடுவார்கள். பைக் ஸ்டாண்டில் தொங்கும்போது போலேதான். முன்னால் 50, பின்னால் 34 என்ற கியரில் செயின் மாட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும் போலேயா தா போலேயா என்று.

இரண்டாவது எல்லை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பெரிய பல் மட்டும் பொருந்தினால் போதாது. மிச்சமாகும் செயினை எல்லாக் கியரிலும் சுருட்டி வைத்துக்கொள்ள ஆர்டிக்குக் கொள்ளளவு வேண்டும். கணக்கு எளிது. முன்னால் 50லிருந்து 34ஐக் கழித்தால் 16. பின்னால் 34லிருந்து 11ஐக் கழித்தால் 23. கூட்டினால் 39. ஆர்7000 ஜிஎஸ்ஸின் கொள்ளளவு சரியாக 39, எஸ்எஸ்ஸின் கொள்ளளவு 35. முன்னால் 52-36 வைத்திருப்பவர்களுக்கும் வித்தியாசம் அதே 16தான், ஆகவே ஜிஎஸ் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் 36-34 என்றால் விகிதம் 1.06. ஏறத்தாழ 34-32க்குச் சமம். அதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன் முன்பக்க வளையங்களை 50-34ஆக மாற்றுவதையும் யோசிக்கலாம். ஒரே கிராங்கில் இரண்டும் பொருந்தும் வகையில்தான் ஷிமானோ நான்கு கை கிராங்குகள் வந்திருக்கின்றன.

5800 லீவர்களோடு ஆர்7000 ஆர்டி சேருமா என்ற கேள்வி அடிக்கடி வரும். சேரும், இரண்டுமே 11 ஸ்பீட் ரோட் வரிசை, கேபிளை இழுக்கும் அளவு ஒன்றுதான். கவனிக்க வேண்டியது கேபிளின் வெளியுறையான அவுட்டரை. பழைய ஆர்டியில் கேபிள் பின்னாலிருந்து பெரிய வளைவாகச் சுற்றி வரும். ஆர்7000இன் உடல் பல்சக்கரங்களுக்குக் கீழே ஒதுங்கியிருப்பதால் கேபிள் முன்பக்கத்திலிருந்து நேராக நுழைகிறது. பழைய அவுட்டரை அப்படியே மாட்டினால் நீளம் அதிகமாகி வெளியே பிதுங்கும், உராய்வு கூடும், கியர் ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் தயங்கியும் மாறும். இந்தக் கடைசித் துண்டுக்கென்றே ஷிமானோ ஓடி-ஆர்எஸ்900 என்ற வளையும் தன்மை அதிகமுள்ள அவுட்டரை விற்கிறது. விலை அற்பம், பலன் பெரிது. இதில் மிச்சம் பிடிப்பது அழகில்லை.

கேசட்டுக்கு வருவோம். எச்ஜி700க்கும் எச்ஜி800க்கும் பல்வரிசை ஒன்றே: 11-13-15-17-19-21-23-25-27-30-34. எச்ஜி800 சுமார் 40 கிராம் எடை குறைவு, விலை கூடுதல். ஆளும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ இருக்கும் இடத்தில் 40 கிராம் என்பது 0.05 சதவீதம். ஏற்றத்துக்கு முன் ஒரு வாய்த் தண்ணீர் அதிகமாகக் குடித்தால் அந்த லாபம் போய்விடும். எச்ஜி700ஐ வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல செயினில் போடுங்கள்.

இந்தக் கேசட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. இது 8, 9, 10 ஸ்பீட் ஃப்ரீஹப்பின், அதாவது சக்கரத்தில் கேசட் ஏறும் உருளையின், நீளத்துக்கு வடிவமைத்தது. 34 பல் சக்கரம் பெரிய வட்டமாக இருப்பதால் அதன் அடிப்பகுதியைச் சற்றே உள்ளே, ஸ்போக் பக்கம் தள்ளிச் செய்திருக்கிறார்கள். 11 ஸ்பீட் ரோட் ஃப்ரீஹப் அவற்றைவிட 1.85 மில்லிமீட்டர் நீளம். எனவே 11 ஸ்பீட் சக்கரத்தில் மாட்டும்போது கேசட்டுக்குப் பின்னால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒன்று முதலில் போக வேண்டும். மறந்தால் கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் ஃப்ரீஹப்பின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். கையில் முழு இறுக்கம் தெரியும், டார்க் ரெஞ்ச் 40 நியூட்டன் மீட்டரில் ‘க்ளிக்’ என்று சத்தியமும் செய்யும். ஆனால் பல்சக்கரங்கள் மட்டும் கையால் ஆட்டினால் கடகடவென்று ஆடும். புதுக் கேசட் மாட்டிய மறுநாளே கியர் தானாகத் தாவுகிறது என்று புலம்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த ஸ்பேசரைத்தான். பெட்டியைப் பிரிக்கும்போதே அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். குப்பையோடு போய்விடும் அளவுக்கு மெல்லிய வளையம் அது.

இதே சூட்சுமம் ஒரு வரமும்கூட. பழைய 10 ஸ்பீட் சக்கரம் வீட்டில் சும்மா கிடந்தால், அதில் 11 ஸ்பீட் ரோட் கேசட் எதுவும் ஏறாது. இது மட்டும் ஸ்பேசர் இல்லாமலே உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது செயின். இந்த வேலையில் உயிர்நாடி இதுதான். பழைய செயின் தேயாமல் இருந்தால்கூட அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, நீளம் போதாது. செயின் பல்சக்கரத்தின் பாதிச் சுற்றைத்தான் தழுவுகிறது. 28லிருந்து 34க்குப் போனால் பல் ஆறு கூடுகிறது, செயினுக்கு மூன்று கண்ணி கூடுதலாக வேண்டும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் ஜோடியாகத்தான் சேரும் என்பதால் நான்கு. செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) 410 மில்லிமீட்டர் உள்ள ஒரு பைக்கில் 50-28க்குச் சரியாக வெட்டிய செயின் 106 கண்ணி இருக்கும். 50-34க்கு 110 வேண்டும். குட்டைச் செயினோடு ஓட்டுகிறவர் சிறிய முன்வளையத்தில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்று. களைப்பில் ஒரு நாள் பெரிய முன்வளையத்தில் இருந்தபடியே 34க்கு லீவரைத் தட்டினால், செயினுக்கு வளைந்துகொடுக்க நீளம் இருக்காது. சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்க, ஆர்டி முன்னால் இழுபட்டு ஹேங்கரோடு பிய்ந்து வரும். சில நேரம் ஸ்போக்கும் கூடவே போகும். ‘நான் அந்தக் கியரைப் போடவே மாட்டேன்’ என்பது காப்பீடாகாது. மூச்சு வாங்கும் நேரத்தில் விரல் நம் பேச்சைக் கேட்காது.

புதுச் செயின் 116 கண்ணியோடு வருகிறது. ஆர்டிக்குள் நுழைக்காமல், முன்னால் பெரிய வளையத்திலும் பின்னால் 34இலும் நேரடியாகச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனையும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு ஜோடி, அதாவது இரண்டு கண்ணி, கூட்டி வெட்டுங்கள். செயின் முனைகளை இணைக்கக் குவிக் லிங்க் போடுகிறவர்கள் அந்த லிங்க்கே ஒரு வெளிக் கண்ணி என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று பிசகும். வெட்டிய பிறகு சரிபார்க்க இரண்டு நிலை. 50-34இல் கூண்டு முன்னோக்கி நீண்டிருக்கலாம், ஆனால் விறைத்து நேர்கோடாக நிற்கக் கூடாது. 34-11இல் செயின் தொய்ந்து கூண்டின் மேல் உரசக் கூடாது. ஜிஎஸ் ஆர்டியில் இரண்டும் ஒருசேரச் சரியாக வரும். 34 பல்லை எஸ்எஸ் ஆர்டியில் திணித்தால் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். கொள்ளளவு 35, கேட்பது 39. அந்த நான்கு பல்லை எங்கேயும் ஒளித்துவைக்க முடியாது.

பழைய கேசட்டில் ஊறிய செயினைப் புதுக் கேசட்டில் போடுவதும் வேண்டாம். தேய்ந்த செயினின் கண்ணி நீண்டிருக்கும். புதுப் பல்லில் அது மேலேறி வழுக்கும், பல்லையும் தன்னைப் போலவே தேய்த்துவிடும். 11 ஸ்பீட் செயினுக்கு அளவுக்கோல் 0.5 காட்டினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாட்டும் முறையில் புதிதாக ஒன்றுமில்லை, வரிசை தப்பாமல் இருந்தால் போதும். செயின் விப், லாக்ரிங் கருவி, டார்க் ரெஞ்ச், செயின் கட்டர், 5 மில்லிமீட்டர் அலன் கீ. பழைய கேசட்டைக் கழற்றியதும் ஃப்ரீஹப்பைத் துடைத்துப் பாருங்கள். அலுமினிய ஃப்ரீஹப்பில் பழைய பல்சக்கரங்கள் கடித்த வடு இருந்தால் மெல்லிய அரத்தால் அந்த விளிம்பைச் சமன் செய்யலாம். புதுக் கேசட் நெளியாமல் நேராக இறங்கும். லேசாக கிரீஸ் தடவி, ஸ்பேசர், பிறகு கேசட். ஃப்ரீஹப்பில் ஒரு பள்ளம் மட்டும் மற்றவற்றிலிருந்து அகலத்தில் வேறாக இருக்கும், கேசட் அதில் ஒரே விதமாகத்தான் உட்காரும். லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர்.

ஆர்டியை மாட்டும் முன் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது கட்டாயம். பைக் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தாலே ஹேங்கர் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வளைந்திருக்கும். 28 பல்லில் அது பெரிதாகத் தெரியாது. 34இல் ஆர்டி ஸ்போக்கை நெருங்கி நிற்கும். ஆர்டியின் போல்ட் 8லிருந்து 10 நியூட்டன் மீட்டர், கேபிளைப் பிடிக்கும் போல்ட் 6லிருந்து 7.

சரிசெய்வதில் முதலில், செயின் சின்னப் பல்லைத் தாண்டாமல் நிறுத்தும் எச் ஸ்க்ரூ, பிறகு பெரிய பல்லைத் தாண்டாமல் நிறுத்தும் எல் ஸ்க்ரூ. கேசட்டும் ஸ்பேசரும் மாறியதால் பெரிய பல்லின் இடமும் கொஞ்சம் மாறியிருக்கும். பழைய எல் அமைப்பை நம்பாதீர்கள். கையால் ஆர்டியை உள்ளே தள்ளி 34க்குக் கொண்டுபோய், அதற்கு மேல் அணுவளவும் போகாதபடி நிறுத்துங்கள். எல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் செயின் 34ஐத் தாண்டி ஸ்போக்குக்குள் விழும், அதுவும் மேட்டில், முழுப் பலத்தோடு மிதிக்கும் தருணத்தில்.

அடுத்து, புல்லிக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி வைக்கும் பி ஸ்க்ரூ. பலர் தொடாமல் விடுவதும், தொட்டால் கெடுப்பதும் இதைத்தான். முன்னால் சிறிய வளையம், பின்னால் 34 என்று வைத்து, மேல் புல்லியின் பல்லுக்கும் 34இன் பல்லுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை, கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். இடைவெளி குறைந்தால் புல்லி பல்லோடு உரசி, காபிக்கொட்டை அரைப்பதுபோல் ஒரு சத்தம் வரும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதிகமாகத் தள்ளிவைத்தால் சத்தம் போய்விடும், ஆனால் சின்ன பற்களில் கியர் மந்தமாக மாறும். புல்லி பல்லிலிருந்து விலக விலக, செயினைத் தள்ளும் பிடி குறைகிறது என்பதுதான் காரணம். எல்லாம் முடிந்து கேபிள் இழுவை. புதுக் கேபிள் என்றால் முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை தளரும். அட்ஜஸ்டரில் அரைச் சுற்று திருப்பினால் போதும்.

சாலையில் இது எப்படி? ஏற்றத்தில் குறை சொல்ல இடமில்லை. 17லிருந்து 27 வரை இரண்டிரண்டு பல்லாகவே ஏறுவதால் மிதிவேகம் திடீரென்று அறுந்துபோவதில்லை. 27லிருந்து 30, 30லிருந்து 34 என்ற கடைசி இரண்டு தாவல்கள் 11, 13 சதவீதம். ஏறும்போது அந்தத் தாவல் உறுத்தாது. அங்கே நமக்கு வேண்டியதே ஒரு நல்ல விடுதலைதான். 30 என்ற பல் உண்மையில் 34ஐவிட அதிகம் உழைக்கும். 34 கடைசி வளைவுகளுக்காகக் காத்திருக்கும்.

விலை கொடுக்க வேண்டியது மறுமுனையில். 12உம் 14உம் இல்லை. 50 பல் வளையத்தில் 90 சுற்று மிதித்தால் 15இல் மணிக்கு 38 கிலோமீட்டர், அடுத்தது 13இல் 44. நடுவே ஒன்றுமில்லை. 11-28இல் அங்கே ஒரு 14 இருந்தது, 40.6க்கு. குழுவாக 40, 41இல் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல்: ஒரு கியரில் கால் பறக்கும், அடுத்ததில் கனக்கும். காலையில் அதிவேகக் குழுவோடு போகிறவர்களுக்கு 11-34ஐச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. அவர்களுக்கு 11-32 இருக்கிறது: 11-12-13-14-16-18-20-22-25-28-32. சமதளத்தில் நெருக்கம், மேட்டில் 34-32, விகிதம் 1.06. ஜிஎஸ் ஆர்டி இதையும் ஏற்கும், சாதாரண 11 ஸ்பீட் ஃப்ரீஹப்பில் ஸ்பேசர் இல்லாமல் ஏறும். 5800 ஜிஎஸ் வைத்திருப்பவர்கள் ஆர்டியை மாற்றாமலே, செயினை மட்டும் மாற்றி இதற்குப் போகலாம். உலு யாம், செம்பா என்று ஓட்டி, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கெந்திங் போகிறவர்களுக்கு எங்கள் ஓட்டு 11-32க்கே.

ஆர்டியை மாற்றாமல் சமாளிக்க வுல்ஃப் டூத் ரோட்லிங்க் போன்ற நீட்டிப்புத் துண்டுகள் உண்டு. ஹேங்கருக்கும் ஆர்டிக்கும் நடுவே மாட்டி ஆர்டியைக் கீழே இறக்குபவை. பழைய வகை ஆர்டிக்கு ஒன்று, ஆர்7000 போன்றவற்றுக்கு டிஎம் என்ற இன்னொன்று. மாற்றி வாங்கினால் பொருந்தாது. இவை புல்லி உரசுவதைத் தீர்க்கும், கொள்ளளவை ஒரு பல்கூட கூட்டாது. எஸ்எஸ் கூண்டில் இதைப் போட்டு 34 மாட்டினால் 34-11 பக்கத்தில் செயின் தொங்கத்தான் செய்யும். ஜிஎஸ் ஆர்டி ஏற்கெனவே இருந்து, 34ஐயும் தாண்டிப் போக விரும்புகிறவருக்கு இது பயன். மற்றவர்கள் அந்தக் காசை ஜிஎஸ் ஆர்டியில் போடுவது மேல்.

வேறு ஸ்பீட் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஷிமானோவின் 10 ஸ்பீட் வரிசையான டியாக்ரா 4700 என்றால் அதிர்ஷ்டக்காரர். ஜிஎஸ் ஆர்டி 34 வரை ஏற்கும், கொள்ளளவு 41, எச்ஜி500 கேசட்டில் 11-34 உண்டு. 36 வேண்டுமென்றால் ஷிமானோவின் கிராவல் வரிசையான ஜிஆர்எக்ஸின் ஆர்எக்ஸ்400 ஆர்டியையும் எச்ஜி50 என்ற 11-36 கேசட்டையும் சேர்க்கலாம். ஆனால் 4600, அதற்கு முந்தைய 10 ஸ்பீட் ரோட் லீவர்கள் கேபிளை இழுக்கும் அளவு வேறு. அவற்றோடு 4700இன் ஆர்டியோ ஆர்எக்ஸ்400ஓ சேராது. பெயரில் 10 ஸ்பீட் என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். 9 ஸ்பீட் சோராவுக்கு எச்ஜி400இல் 11-34 கிடைக்கும். 12 ஸ்பீட் 105 ஆர்7100க்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, 11-36 வரை அந்த வரிசையிலேயே இருக்கிறது.

34-34உம் போதாதவர்களுக்கு, எடை கூடியவர்கள், முட்டிவலிக்காரர்கள், பின்னால் பை கட்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும், அடுத்த வழி முன்பக்கம். ஜிஆர்எக்ஸ் ஆர்எக்ஸ்600 கிராங்க் 46-30. வித்தியாசம் அதே 16, ஆகவே ஜிஎஸ் ஆர்டியின் கொள்ளளவுக்குள் அடங்கும். 30-34இல் விகிதம் 0.88, மேலே சொன்ன 170 வாட்காரர் 10 சதவீத மேட்டில் 65 சுற்று மிதிப்பார். மேல் கியர் 46-11, 90 சுற்றில் 47 கிலோமீட்டருக்கு மேல். இறக்கத்தில் அதற்கு மேல் மிதிப்பது வேகத்துக்காக இல்லை, வீம்புக்காக. சிக்கல் வேறிடத்தில். இந்தக் கிராங்கில் வளையங்கள் ரோட் கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே நிற்கின்றன, முன்வளையங்களில் செயினைத் தள்ளிவிடும் ரோட் எஃப்டி அவ்வளவு தூரம் எட்டாது. ஜிஆர்எக்ஸ் எஃப்டியும் சேர்த்து வாங்க வேண்டும். 46 பல்லுக்கு எஃப்டி கீழே இறங்கவும் வேண்டும். ஃபிரேமில் பற்றவைத்த தாங்கியின் துளை அவ்வளவு நீளம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் கிராங்கைத் தொட வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், ‘மேடு ஏற ஈசியா கியர் போட்டுக் கொடுங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், ஆர்டி ஜிஎஸ்ஸா, செயின் புதிதா, ஸ்பேசர் போட்டாயிற்றா, ஹேங்கரைப் பார்த்தாயிற்றா என்று நான்கையும் கேளுங்கள். பைக்கை எடுக்கும்போது ஸ்டாண்டில் வைத்தே 50-34 கியரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் செயின் குட்டை.

நம் ஊர் மழைக்கு ஒரு வார்த்தை. மாலை மழையில் நனைந்த செயினை அப்படியே நிறுத்தினால் மறுநாள் காலையில் துரு மினுங்கும். வீடு வந்ததும் துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். 34 பல்லின் உள்பக்கம் சேறு அதிகம் தங்கும், ஒரு பழைய பல்துலக்கி போதும்.

கழற்றிய 11-28ஐத் தூக்கி எறிய வேண்டாம். ஜிஎஸ் ஆர்டி 28ஐயும் ஏற்கும், 34க்கு வெட்டிய செயினை அதனுடனும் ஓட்டலாம். சமதளப் பந்தயம் வரும் வாரம் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். அப்போது பின்னால் இருக்கும் 1.85 ஸ்பேசரை மறக்காமல் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் லாக்ரிங் மரையைப் பிடிக்காது. எடுத்ததைக் கேபிள் டை போட்டு 11-34 கேசட்டோடு கட்டி வையுங்கள்.